பெயரற்ற சித்திரமும் பெயர்ப் பித்தும்

"கையொப்பமில்லாத படம் காசுக்கு ஆகாது" என்னும் வார்த்தை நம்மவரிடையே ஏதோ சாஸ்திர வாக்கியம் போல வழங்கி வருகிறது. பட்டணத்துப் பழம்பொருட் கடைக்காரர் இதைச் சொல்கிறார். படத்துக்குச் சட்டம் போடுகிறவரும் இதைச் சொல்கிறார். வீடு மாறும்போது பழம்பெட்டியைக் காலி செய்யும் குடும்பத்தாரும் இதையே சொல்லிக்கொண்டு குப்பைக் கூடையைத் தேடுகிறார்கள். இவ்வார்த்தையை நம்புகிறவர்கள் இருவகையாக நடந்துகொள்கின்றனர். ஒரு சாரார் பெயரில்லை என்று கண்டவுடனே காகிதத்தைக் கசக்கி எறிந்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், பெயரில்லாவிட்டால் என்ன, ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் போகிறது என்று, புகழ்பெற்ற சித்திரக்காரர் ஒருவரின் பெயரை அதன் தலையில் ஏற்றிவிடுகின்றனர். முன்னவர் செய்வது அழிவு. பின்னவர் செய்வது மோசடி. இரண்டுக்கும் வேர் ஒன்றே. படத்தைப் பாராது பெயரைப் பார்க்கும் பித்தே அவ்வேர்.

இப்பித்தை எதிர்த்து வழக்காடவே இதனை எழுதுகிறோம். நமது கட்சியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். யார் வரைந்தது என்று தெரியாத நவீன உருவச் சித்திரம் ஒன்று கைக்கு வருமானால், முதலில் அதனைக் கெடாமல் காக்கவேண்டும். அடுத்து அதனை ஆராயவேண்டும். சான்று அகப்பட்டால், அகப்பட்ட அளவுக்கு மட்டும் பெயரைப்பற்றிப் பேசவேண்டும். இன்று நடப்பதோ தலைகீழ். முதலில் பெயர் கேட்கப்படுகிறது. பெயரைக்கொண்டு விலை பேசப்படுகிறது. விலை படியாவிட்டால் அதனைக் காக்க ஆளில்லை. பயிரைக் காயவிட்டு, விளைச்சல் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் குடியானவனை உலகம் என்ன சொல்லும்?

நாம் சித்திரக்காரரல்லோம், சித்திர வியாபாரியுமல்லோம். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிக் காலந்தள்ளும் கிராணி. ஆயினும் காகிதமும் கையொப்பமும் நமக்கு அன்றாடப் பழக்கம். கட்டுக் கட்டாக வரும் பற்றுச்சீட்டுகளில் ஒன்றில் கையொப்பம் விடுபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனைக் கிழித்தெறியும் கிராணி வேலையிழப்பான். மேனேஜரின் கையொப்பத்தைத் தானே போட்டுவைக்கும் கிராணி சிறைக்குப் போவான். புத்தியுள்ளவன் அதனைத் தனியே எடுத்துவைத்து, தேதி என்ன, கொண்டுவந்தவர் யார், எந்தக் கணக்கைச் சார்ந்தது என்று குறித்துக்கொண்டு விசாரிப்பான். ஐந்து வெள்ளிச் சீட்டுக்கு உள்ள இந்த நியாயம், ஒரு மனிதனுடைய கண்ணும் கையும் உழைத்து உண்டாக்கிய சித்திரத்துக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

இது பாரிசிலும் லண்டனிலும் வாழும் சீமான்களின் விவகாரம் என்று எவரும் ஒதுக்கவேண்டாம். 1938-ஆம் ஆண்டில் லிம் ஹாக் தை என்பவர் சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகத்தைத் தொடங்கினார். மேனாட்டு நவீன முறையும் சீனத்து மைச்சித்திர முறையும் அங்கே ஒரே கூரையின்கீழ்ப் பயிலப்பட்டன. 1952-இல் லியூ காங், சென் சொங் சுவீ, சென் வென் சி, சியோங் சூ பியெங் ஆகிய நால்வரும் பாலித் தீவுக்குச் சென்று வரைந்து, அடுத்த ஆண்டு தம் படைப்புகளைச் சிங்கப்பூரில் காட்சிக்கு வைத்தனர். ஜார்ஜெட் சென் அம்மையார் 1954 முதல் 1980 வரையில் அக்கழகத்தில் கற்பித்தார். கோலாலம்பூரிலும் 1952-இல் பீட்டர் ஹாரிஸ் என்பவர் புதன்கிழமைக் கலைக்குழுவை அமைத்தார். 1958-இல் தேசியக் கலைக்கூடம் ஏற்பட்டது. இவ்வாறு பல்லாண்டுகளாகப் பலர் இந்நாட்டில் மனித உருவத்தை எதிரே நிறுத்தி வரைந்து பழகினர். அப்பழக்கத்தில் உண்டான காகிதங்கள் அனைத்தும் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவா? இல்லை. பல, வீடுகளிலும் பள்ளிகளிலும் கடைகளிலும் கட்டாய்க் கிடந்தன, இன்னும் கிடக்கின்றன. அவற்றில் கையொப்பமிடாதவை ஏராளம். பயிற்சிக்கென்று வரைந்த தாளில் பெயர் எழுதுவானேன் என்றுதான் எவரும் எண்ணுவர்.

ஒரு வகுப்பை மனக்கண்ணால் நோக்குங்கள். நடுவே ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி இருபது மாணாக்கர். எல்லோர் கையிலும் ஒரே கடையில் வாங்கிய கரிக்கோல். ஒரே கட்டிலிருந்து உருவிய காகிதம். எல்லோர் காதிலும் ஒரே ஆசானுடைய பேச்சு. ஒரு மணி நேரத்தில் இருபது சித்திரங்கள் முடிகின்றன. அவற்றுள் ஒன்று அறுபது ஆண்டு கழித்து ஒரு பழம்பொருட் கடைக்கு வந்து சேர்கிறது. நீண்ட கழுத்தையும் நீண்ட கரத்தையும் கண்ட மாத்திரத்தில் "இது சியோங் சூ பியெங் அன்றி வேறு யார்?" என்று ஒருவர் கூவுகிறார். ஆசானைப்போல வரைய முயல்வதுதானே மாணாக்கர் வழக்கம்? பாணி ஒத்திருப்பது, அந்தக் கை அந்த ஊரில், அந்தக் காலத்தில், அந்தப் பள்ளியருகே இருந்தது என்பதற்குச் சாட்சி. இன்னார் கை என்பதற்கு அது சாட்சியாகாது.

பொய்ப்பெயர் சூட்டுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பாருண்டு. வாங்கினவன் பணம் போவது ஒரு நஷ்டம். அதனை நாம் பெரிதாகப் பேசப்போவதில்லை. சூட்டப்பட்ட பெயருக்குரியவர், தாம் வரையாத ஒன்றுக்குப் பொறுப்பாளி ஆக்கப்படுகிறார். அவருடைய வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் ஒரு பொய்யை மெய்யென்று கொண்டு வழி தவறுகிறார்கள். இதனினும் பெரிய நஷ்டம் மற்றொன்று. உண்மையில் வரைந்தவர் யாரோ ஒரு ஏழை மாணவராகவோ, மணமான பிறகு கரிக்கோலைத் தொடவே வாய்ப்பில்லாத பெண்ணாகவோ இருக்கலாம். அவர் கைவேலையில் எஞ்சியது அந்த ஒரு தாளாகவே இருக்கலாம். பெயரற்றதாக இருந்தவரையில், என்றேனும் அவர் பெயர் வெளிப்பட வழியிருந்தது. பெரியவர் பெயரை அதன்மேல் எழுதிய அன்றே அவ்வழி அடைபட்டது. பணக்காரன் பெட்டியில் இன்னொரு காசைப் போடுவதற்காக ஏழையின் ஒரே காசைத் திருடுவதைப்போன்ற செயல் இது.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் நம்மைவிட நாணயமாக நடந்துகொண்டனர். எட்டுத்தொகை நூல்களைத் தொகுத்த புலவர்களுக்கு, பாட்டிருந்தும் பாடினவர் பெயர் கிடைக்காத இக்கட்டு பலமுறை நேர்ந்தது. அப்போது அவர்கள் பாட்டை எறிந்தார்களா? கபிலர் பெயரையோ பரணர் பெயரையோ அதன்மேல் ஒட்டினார்களா? இரண்டுமில்லை. பாட்டிலேயே உள்ள அருமையான தொடரை எடுத்துப் புலவருக்குப் பெயராக இட்டார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பவை அவ்வாறு வந்த பெயர்களே. "எமக்குத் தெரிந்தது இவ்வளவே" என்று அப்பெயரே சொல்லிவிடுகிறது. பாட்டும் பிழைத்தது, பொய்யும் புகவில்லை. பிற்காலத்தில் ஆகாத வைத்திய ஏட்டையெல்லாம் அகத்தியர் தலையில் கட்டினவர்கள் செய்த குழப்பத்தையும் நாம் அறிவோம். அகத்தியருக்கும் அதனால் பெருமையில்லை; உண்மையில் எழுதிய வைத்தியருக்கும் பெயரில்லை. ஐரோப்பாவிலும் பெயர் தெரியாத பழஞ்சித்திரக்காரரை அவருடைய படத்தைக்கொண்டோ அது இருந்த இடத்தைக்கொண்டோ "ஃப்ளேமால் ஆசிரியர்" என்பதுபோல வழங்கினர். தமிழ்த் தொகுப்பாளர் கண்ட நெறி அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. இந்நெறியை விட்டு நாம் சந்தையில் கூவும் தரகர் நெறியைப் பின்பற்றுவது வெட்கக்கேடு.

நிற்க. பெயரைக் கேளாமலே காகிதத்தைக் கிழிக்கும் மற்றொரு கூட்டமும் உண்டு. உடையில்லாத உருவத்தைக் கண்டால் "ஆபாசம்" என்று கண்ணை மூடிக்கொண்டு கையால் கிழிக்கிறார்கள். எலும்பையும் தசையையும் அறியாதவன் வைத்தியனாக முடியாததுபோல, உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, தோள் திரும்பினால் இடுப்பு எப்படித் திரும்புகிறது என்று அறியாதவன் உருவம் வரைய முடியாது. அதனை அறியவே கலைப்பள்ளிகளில் மாதிரி மனிதரை எதிரில் நிறுத்தி வரைகின்றனர். இனி, "கை கோணல், முகத்தில் கண்ணே இல்லை, இதுவும் ஒரு படமா?" என்று நகைப்பவரும் உளர். புகைப்படக் கருவி வந்தபின் உருவத்தை உள்ளவாறே பிரதி செய்வது சித்திரக்காரனுடைய முதல் வேலையாக இருக்கவில்லை. ஒரே கோட்டில் களைப்பையும், நாலு கோட்டில் உட்கார்ந்திருப்பவளின் பாரத்தையும் காட்டுவதே நவீனர் எடுத்துக்கொண்ட வேலை. அவர்கள் விட்டுவிட்ட கண்ணைத் தேடுவதை விடுத்து, வைத்திருக்கும் கோட்டைப் பாருங்கள். அது தயங்கித் தயங்கிப் போகிறதா, துணிந்து போகிறதா? ஒரு கோட்டை அழித்து மறுகோடு இட்ட சுவடு இருக்கிறதா? பார்த்துப் பிரதி செய்கிறவன் கோடு பெரும்பாலும் மெதுவாய் ஊர்ந்து செல்லும். எதிரே உயிருள்ள உருவத்தைக் கண்டு வரைகிறவன் கோடு தேடும், திருத்தும், விரையும்.

ஆனால் கண் ஒன்றே போதும் என்று நாம் சொல்லவில்லை. கண்ணை மட்டும் நம்பினவர் பட்ட பாடு உலகறிந்தது. 1984-ஆம் ஆண்டு மோடிலியானி பிறந்த நூறாவது ஆண்டு. இத்தாலியில் அவர் பிறந்த லிவோர்னோ நகரில், அவர் தாம் செதுக்கிய கல் தலைகளைக் கால்வாயில் எறிந்துவிட்டார் என்று ஒரு பழங்கதை உண்டு. கால்வாயைத் தூர்வாரினர், மூன்று தலைகள் அகப்பட்டன. பெரிய நிபுணர்கள் சிலர் அவை அவர் கைவேலையே என்று உறுதி கூறினர். சில வாரங்களில் மூன்று மாணவர்கள் முன்வந்து, ஒரு தலையைத் தாங்களே மின்சாரத் துளைக்கருவியால் செதுக்கிப் போட்டதாகத் தெரிவித்து, தொலைக்காட்சியில் மறுபடியும் ஒன்றைச் செதுக்கிக் காட்டினர். மற்ற இரண்டும் வேறொருவர் விளையாட்டு என்று பின்னர் வெளியாயிற்று. அது கல்லைப்பற்றிய கதையாயினும் காகிதத்துக்கும் பொருந்தும். பெயர் கிடைக்கவேண்டும் என்ற ஆசை முந்தினால் கற்றவர் கண்ணும் மறைந்துபோகிறது.

"பத்திரம் இருக்கிறதே" என்பாருக்கும் ஒரு பாடம் உண்டு. லண்டனில் ஜான் டிரூ என்பவன், ஜான் மயாட் என்பவர் எழுதிய சுமார் 200 போலிப் படங்களை ஜியாகோமெட்டி, பென் நிக்கல்சன் முதலிய நவீனர்களின் பெயரால் நடமாடவிட்டான். படம் எழுதியவரைவிடப் பத்திரம் எழுதிய டிரூவே பெரிய கள்ளன். டேட் கலைக்கூடத்தின் ஆவணக் காப்பகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையின் காப்பகத்திலும் பொய்க் காகிதங்களைச் செருகிவைத்து, படங்கள் கைமாறிவந்த வரலாற்றையே புனைந்தான். 1999-இல் இருவரும் தண்டனை பெற்றனர். படங்கள் பிடிபட்டாலும், காப்பகத்தில் புகுந்த பொய் முழுதும் வெளியேறிற்று என்று யார் உறுதி கூற வல்லார்? கடைக்காரர் நீட்டும் "சர்ட்டிபிகேட்" ஒன்றைக் கண்டு கைகூப்புகிறவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

அப்படியானால் நிபுணரே வேண்டாமா? வேண்டும். முறைப்படி நடந்தால் பயன் எப்படி என்பதற்கும் உதாரணம் உண்டு. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் தர்ம காரியத்துக்காகப் பழம்பொருள் விற்கும் கடையொன்றில் ஒருவர் ஒரு பென்சில் சித்திரத்தை வாங்கினார். 2018-இல் அதன் புகைப்படத்தை ஜேன் காலிர் அம்மையாருக்கு அனுப்பினார். அவ்வம்மையார் எகான் ஷீலே என்னும் ஆஸ்திரியச் சித்திரக்காரரின் படைப்புகள் முழுவதற்கும் 1990-இல் அட்டவணை வெளியிட்டவர். வந்த புகைப்படம் தெளிவில்லை. அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. தெளிவான படம் கேட்டார். ஏறக்குறைய ஓராண்டு கழிந்தே அது வந்தது. பிறகு காகிதத்தை நேரில் கண்டு, ஷீலே தாம் மாண்ட 1918-ஆம் ஆண்டில் வரைந்த தொகுதிச் சித்திரங்களோடு ஒப்பிட்டு, அவர் கைவேலையே என்று 2019-இல் அறிவித்தார். மதிப்பு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் டாலர் என்று சொல்லப்பட்டது. இதைப் படித்துவிட்டுத் தம் பரண்மேலும் லட்சம் டாலர் இருப்பதாக எவரும் கனவு காணவேண்டாம். நாம் காட்டவந்தது அந்த ஓராண்டுப் பொறுமையை. யாரோ ஒருவர் அத்தாளை எறியவில்லை, யாரும் அதன்மேல் பெயர் எழுதவில்லை, அறிந்தவர் அவசரப்படவில்லை. இம்மூன்றும் கூடியதால் உண்மை வெளிவந்தது.

இனி ஆராயும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். முதலில் காகிதத்தைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். கடை முத்திரை, சட்டம் போட்டவர் சீட்டு, பென்சிலால் எழுதிய எண், பழைய உடைமையாளர் அடையாளம் ஆகியவை அங்கேதான் இருக்கும். சேகரிப்பாளரின் முத்திரைகளை அடையாளங்காண ஃப்ரிட்ஸ் லுக்ட் என்பவர் 1921-இலேயே ஒரு பெருநூல் வெளியிட்டார். டெகாஸ் 1917-இல் இறந்தபின் அவர் வேலைக்கூடத்தில் இருந்தவற்றை விற்றபோது, அவர் கையொப்பமிடாத சித்திரங்களில் அவர் பெயர் முத்திரையாகக் குத்தப்பட்டது. ஆகவே பின்புறத்து மூலையில் உள்ள சிறு மைக்கறையும் ஒரு சாட்சியாகலாம். அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆலையின் நீர்க்குறி தோன்றலாம். கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழுத்தின தடமும் அழித்த தடமும் எழுந்து நிற்கும்.

காகிதம் பேசும் சாட்சியத்துக்கு ஓர் இயல்பு உண்டு. "இவர்தான் வரைந்தார்" என்று அது சொல்வது அரிது. "இவர் வரைந்திருக்க முடியாது" என்று பல சமயம் தெளிவாகச் சொல்லிவிடும். காகிதத்தை வெண்மையாகக் காட்டும் ஒளியூட்டு ரசாயனங்கள் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே ஆலைகளில் பரவலாயின. ஊதாக்கடந்த விளக்கின்கீழ் அத்தாள் நீலவெண்மையாக ஒளிரும். அப்படி ஒளிரும் தாளை 1920-இல் மாண்ட மோடிலியானியின் சித்திரமென்று எவரேனும் சொன்னால், அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். பந்துமுனைப் பேனா கடைக்கு வந்தது 1940-களில். நாரிழை முனைப் பேனா பரவியது 1960-களில். தாளின் அளவும் பேசும். பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளில் பல்லாண்டுகள் ஃபுல்ஸ்கேப்பே வழக்கு என்பதைப் பழைய பேரேடுகளைப் புரட்டும் எந்தக் கிராணியும் அறிவான். ஆனால் இவை தனித்தனியே தீர்ப்பாகா. தாளைப் பின்னால் வெட்டியிருக்கலாம். பழைய வெற்றுத்தாளைத் தேடிப் பிடித்துப் புதிதாய் வரைந்த எரிக் ஹெப்பார்ன் போன்ற கள்ளரும் இருந்தனர். கையொப்பம் இருந்தாலோ, இன்னும் ஜாக்கிரதை வேண்டும். மை, பழங்கறையின்மேல் ஏறி நிற்கிறதா? நைந்துபோன இடத்தில் ஊறிப் பரவியிருக்கிறதா? அப்படியாயின் கறை வந்த பின்னர்க் கையொப்பம் வந்தது என்று பொருள்.

விலைமதிப்புக்கு வருவோம். யோக்கியமான ஏலக்காரர்கள் தம் பட்டியலில் ஒரு படிக்கட்டு வைத்திருக்கின்றனர். "இன்னார் வரைந்தது" என்பது மேற்படி. "இன்னாருடையதாகக் கருதப்படுவது" அதற்குக் கீழ். அதற்கும் கீழே "இன்னார் வேலைக்கூடத்தைச் சார்ந்தது", "இன்னார் வட்டம்", "இன்னாரைப் பின்பற்றியவர்", "இன்னார் பாணி", "இன்னார் படத்தைப் பார்த்து எழுதியது" என்று இறங்கும். "கையொப்பமிடப்பட்டது" என்பதற்கும் "கையொப்பம் ஒன்று காணப்படுகிறது" என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. பின்னது, "எழுத்து இருக்கிறது; அவர் எழுதியதென்று நாம் பொறுப்பேற்கவில்லை" என்பதன் நாசூக்கான வடிவம். இப்படிகளை அறியாமல் பெரிய பெயரை மட்டும் வாசித்துப் பணத்தை எண்ணிக்கொடுப்பவன், பத்திரத்தின் தலைப்பை மட்டும் வாசித்துக் கைநாட்டு வைப்பவனுக்கு ஒப்பாவான்.

பெயரற்ற சித்திரத்துக்குச் சந்தையில் விலை குறைவே என்பதை ஒப்புக்கொள்கிறோம். சில நூறு வெள்ளிகூடத் தேறாமல் போகலாம். அதனால் மதிப்பே இல்லை என்று முடிவு கட்டுவது எப்படிப் பொருந்தும்? கோட்டின் திறம் ஒரு மதிப்பு. இந்தக் காலத்தில், இந்த ஊரில், இந்தக் காகிதத்தில், இவ்வாறு வரையக் கற்றனர் என்னும் சரித்திரச் சாட்சி மற்றொரு மதிப்பு. நாளை ஒரு பெயர் வெளிப்பட இடம்வைத்திருப்பது மூன்றாவது மதிப்பு. இம்மூன்றில் ஒன்றையேனும் ஏலச் சுத்தியல் முழுதாக அளந்துவிடும் என்று நாம் நம்பவில்லை.

இத்தனை மதிப்பும் காகிதம் உயிரோடிருந்தால்தான். நம் நாட்டுக் காற்றின் ஈரம் பெரும்பாலும் 80 சதவிகிதத்தைத் தாண்டி நிற்பது. காகிதத்துக்கு உகந்தது சுமார் 50. அது 65, 70 என ஏறி நின்றால் பூஞ்சணம் பூக்கும். இராமபாணப் பூச்சியும் கறையானும் விருந்துக்கு வரும். மரக்கூழால் செய்த மலிவுத்தாளில் உள்ள அமிலம் உள்ளிருந்தே அதனை அரிக்கிறது. பழுப்பேறி, மடித்தால் ஒடிந்துபோவது அதனாலேயே. வெளிச்சம் மற்றொரு பகை; காட்சிசாலைகளில் காகிதச் சித்திரத்துக்கு 50 லக்ஸ் அளவான மங்கல் ஒளியே அனுமதிக்கப்படுகிறது. வெயில் விழும் சுவரில் மாட்டியவர் இழந்ததை எவராலும் மீட்டுத்தர முடியாது.

இப்பகைகளைவிடப் பெரிய பகை அன்பின் பேரால் வருகிறது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டுகிறார்கள். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்புக்கறையாய் ஊறி இறங்குகிறது. மட்டமான அட்டையில் முழுத்தாளையும் பசைபோட்டு ஒட்டுகிறார்கள். அட்டையின் அமிலம் சித்திரத்துக்குள் ஏறுகிறது. "இனிக் கவலையில்லை" என்று லேமினேட் செய்கிறார்கள். உண்மையில் அன்றுதான் கவலை தொடங்குகிறது. அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்பவர் 1930-களில் ஆவணங்களைக் காக்கவென்றே செல்லுலோஸ் அசிடேட் தாளைச் சூட்டினால் ஒட்டும் முறையைப் பரப்பினார். நல்லெண்ணத்தோடு செய்த அம்முறையே பிற்காலத்தில் கெடுதலாய் முடிந்து, ஒட்டியதைப் பிரிப்பது காப்பகத்தாருக்குப் பெரும்பாடாயிற்று. இதிலிருந்து கற்ற விதி ஒன்று: நாம் செய்யும் எதுவும், பின்வருபவர் சேதமின்றி நீக்கக்கூடியதாய் இருக்கவேண்டும்.

செய்யத் தக்கவை எளியவை. சுத்தமான உலர்ந்த கையால் தொடுங்கள். அமிலமற்ற தாளுக்கிடையில், தட்டையாக, தரைக்கு மேலே, வெளிச்சுவரில் படாமல் வையுங்கள். சட்டம் போடுவதானால் பருத்தி அட்டையில் சாளரம் வெட்டி, கண்ணாடி சித்திரத்தைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள். தாளை அட்டையில் முழுதாய் ஒட்டாமல், மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டுகளால், கோதுமைமாப் பசைகொண்டு மேல் விளிம்பில் மட்டும் பிணைப்பதே முறை. கரிக்கோல் சித்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் இடாதீர்கள். பிளாஸ்டிக்கின் மின்னிழுப்பு கரித்தூளைக் கவர்ந்துகொள்ளும். பூஞ்சணம் கண்டால் துடைக்காமல், மற்றவற்றிலிருந்து விலக்கி வைத்து, காகிதக் காப்பில் தேர்ந்தவரைக் கேளுங்கள். கழுவுதல், அமிலம் நீக்குதல், கறை போக்குதல் ஆகிய மூன்றையும் நாமே செய்யத் துணிவது, பல்வலிக்குக் குறடு எடுப்பதை ஒக்கும். இவற்றோடு, யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதைத் தனிச்சீட்டில் எழுதி உடன் வையுங்கள். சித்திரத்தின்மேல் ஓர் எழுத்தும் எழுதாதீர்கள்.

"கூலி உயர்வும் வீட்டுப் பிரச்சினையும் கிடக்க, தோட்டத்து மக்களுக்குக் காகிதச் சித்திரம் ஒரு கேடா?" என்று சில நண்பர்கள் கேட்பர். சித்திரத்துக்காகச் சோற்றை விடச் சொல்லவில்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு சொற்பம்; வேண்டுவது கவனம். மேலும், கலை சீமான்களின் சொத்து என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? பெயருக்கு முன் பணிந்து, பெயரற்றதை மிதிக்கும் குணம் சித்திரத்தோடு நிற்பதில்லை. இதே குணத்தால்தான் நம் பெரியோர் எழுதிய கடிதங்களும், எவரென்று தெரியாத முகங்கள் நிறைந்த புகைப்படங்களும், பழைய சங்கக் குறிப்பேடுகளும் அடுப்பில் வேகின்றன. "இவர் யாரோ" என்று எறிகிறோம். அந்த "யாரோ" நம் பாட்டனாக இருக்கலாம். ஒரு தாளைப் பெயர் கேளாமல் காக்கக் கற்றவன் மற்றத் தாள்களையும் காப்பான்.

ஆதலால் நாம் கோருவது இது. பழம்பொருட் கடைக்காரர்கள் தெரியாத பெயரைத் தெரியாதென்று சொல்லி விற்கட்டும். சட்டம் போடுவோர் பசையையும் லேமினேட்டையும் விட்டுத் தொழிலைக் கற்கட்டும். வாசகசாலைகளும் சங்கங்களும் ஆளுக்கொரு பெட்டியேனும் அமிலமற்ற காகிதத்தோடு வைத்து, எவர் கொண்டுவந்தாலும் சீட்டெழுதி வாங்கிக்கொள்ளட்டும். தோழர்களே! உங்கள் கையில் அத்தகைய தாள் ஒன்று இருக்குமானால், தொகை நூல் கண்ட பெரியோர் செய்தவாறு, அதில் கண்டதைக்கொண்டே பெயரிடுங்கள். நாற்காலியில் அமர்ந்த பெண்ணாயின் "நாற்காலிப் பெண்ணை வரைந்தவர்" என்று சீட்டில் எழுதுங்கள். அது பொய்யில்லாத பெயர். மெய்ப்பெயர் வெளிப்படும் நாளில் அச்சீட்டை மாற்றிக்கொள்ளலாம். அந்நாளில் தாள் இருக்கவேண்டும். அதற்குப் பொறுப்பு நம்முடையது.